லேபிள் இல்லாமல் பேசும் போத்தல்: ஒரு குறும்படத்தில் இழந்ததும் தெரிந்துகொண்டதும்

வன்னியில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். கையில் ஒரு நல்ல தொலைபேசியும் கூட நிற்க நான்கு நண்பர்களும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்ற துணிவு வந்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. அந்தப் படங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் குடித்துக்கொண்டிருப்பார். வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவாகவோ, தனித்துப்போன தகப்பனாகவோ, கடன்பட்ட இளைஞனாகவோ இருப்பார். அவர் கையில் இருக்கும் போத்தலைத் தேடிக் கொண்டுவருகிற வேலை குழுவில் ஒருவர் தலையில் விழும். எங்கள் படத்தில் அது என் தலையில் விழுந்தது. அதில் என் சொந்தக் காசு எழுபதாயிரம் ரூபாய் போனது. எங்கள் வீட்டுக்கு அது இரண்டு மாதச் செலவு. முன்பே இதைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அதில் பெரும்பகுதி என் கையில் நின்றிருக்கும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கதை இதுதான். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கனடா போய்ச் சேர்ந்த ஒருவர், அந்த ஆண்டுப் பனிக்காலத்தில் ரொறன்ரோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். வேலை முடிந்த ஓர் இரவில், அமெரிக்காவிலிருந்து சரக்கு ஏற்றி வந்த லொறிச் சாரதி ஒருவரோடு மதுச்சாலையில் உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் பொதுவான மொழி அதிகம் இல்லை. இடையில் ஒரு போத்தல் இருக்கிறது. இந்தக் காட்சியை நாங்கள் கரடிப்போக்குச் சந்திக்கு அருகே நெடுநாள் பூட்டிக்கிடந்த ஒரு கடையறையில் எடுத்தோம். சுவர், மேசை, விளக்கு, குவளை எல்லாம் என் பொறுப்பு. இயக்குநர் என்னைவிட வயதில் குறைந்த தம்பி. திறமையானவர், பிடிவாதக்காரர். ஜோன் விக் படத்தில் நாயகன் குடிக்கும் பிளான்டன்ஸ் என்ற பேர்பன் (அமெரிக்க வகை) விஸ்கிதான் வேண்டும் என்று நின்றார். “அக்கா, அந்த மூடியில் குதிரை ஓடும். ஓடிப்போன மனிதனின் கதைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?” என்று கேட்டார். அவர் சொன்னதில் அழகு இருந்தது. நானும் தேடத் தொடங்கினேன்.

கிளிநொச்சியில் அப்படியொரு போத்தலை யாரும் கண்ணால் கண்டதில்லை. இணையத்தில் கொழும்பு விற்பனையாளர் ஒருவர் கிடைத்தார். விலை 48,000 ரூபாய், முழுத்தொகையும் வங்கியில் முற்கூட்டியே போட வேண்டும் என்றார். படத்துக்கான காசு இன்னும் வந்து சேரவில்லை, நாள் நெருங்கிவிட்டது. என் சேமிப்பிலிருந்து போட்டேன். பஸ்ஸில் பார்சலாக வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்த கணத்திலேயே ஏதோ சரியில்லை என்று மனம் சொன்னது. இரவு முழுக்க உட்கார்ந்து படங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பிளான்டன்ஸ் பற்றி நான் அன்று தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். மூடியில் குதிரையும் அதன்மேல் ஓட்டுபவரும் இருப்பார்கள். அதில் எட்டு வகை உண்டு. குதிரை புறப்படுவதிலிருந்து வெற்றிக்கோட்டைத் தாண்டுவதுவரை எட்டு நிலைகள். 1999 முதல் ஒவ்வொரு மூடியிலும் சிறிய எழுத்து ஒன்று இருக்கும். எட்டையும் வரிசையாக வைத்தால் அந்த விஸ்கியின் பெயர் வரும். லேபிளில் பீப்பாயின் எண், அது இருந்த களஞ்சியம், பீப்பாயைக் கவிழ்த்த திகதி எல்லாம் போத்தலுக்குப் போத்தல் மாறும். எனக்கு வந்த மூடியில் எழுத்தே இல்லை. குதிரையின் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. எண்களும் லேபிளோடு சேர்த்தே அச்சடிக்கப்பட்டிருந்தன. யாரோ ஒரு வெறும் போத்தலில் எதையோ நிரப்பி, மூடியை வார்த்து, எனக்கு விற்றிருந்தார்கள். விற்றவரை அழைத்தேன். முதல்நாள் சமாதானம் சொன்னார், அடுத்தநாள் தொலைபேசி ஓய்ந்துபோயிருந்தது. அன்று நான் அழுதேன். காசுக்காக மட்டும் அழவில்லை. ஒரு பெண்பிள்ளை சாராயப் போத்தலுக்குக் காசு கட்டி ஏமாந்தாள் என்று ஊரில் எவரிடமும் போய்ச் சொல்ல முடியாதே என்ற தனிமை நெஞ்சை அடைத்தது.

ஆகவே வெளிநாட்டுப் போத்தல் வாங்குகிறவர்கள், காசு போடுவதற்கு முன்பு மூடியையும் லேபிளையும் அருகிலிருந்து எடுத்த படம் கேளுங்கள். அன்றைய திகதி எழுதிய தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். பார்சல் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து காணொளியாக எடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரம்பிய போத்தல் வாங்கவே வேண்டாம். படத்துக்கு வேண்டியது வெறும் கண்ணாடி. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத திரவத்தை எந்த நடிகரும் வாயில் வைக்கக் கூடாது. கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடித்துக் கண்பார்வை போனவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் போத்தலில் இருந்ததை அடுத்தநாள் காலையே கொல்லையில் குழிதோண்டி ஊற்றினேன்.

ஒப்பிட்டுப் பார்த்த அதே இரவில் இன்னொரு விடயமும் கண்ணில் பட்டது. பிளான்டன்ஸ் சந்தைக்கு வந்தது 1984 இல். எங்கள் காட்சியோ 1983 பனிக்காலம். அசல் போத்தலே வந்திருந்தாலும் அதை அந்த மேசையில் வைத்திருக்க முடியாது. இயக்குநர் தம்பியிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இதை யார் கவனிக்கப் போகிறார்கள் அக்கா?” என்றார். ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் மதுச்சாலைகளிலும் மதுக்கடைகளிலும் வேலை செய்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள்? அவர்கள்தான் கவனிப்பார்கள். அவர்களுடைய வாழ்க்கையைச் சொல்கிற படத்தில் அவர்கள் கை பிடித்திராத போத்தலை வைப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. அதைச் சொன்னதும் தம்பி இறங்கி வந்தார்.

ஆண்டைப் பார்க்கும் இந்தப் பழக்கம் பழைய காலத்தைக் காட்டும் எல்லாப் படத்துக்கும் உதவும். இன்று திரையில் அடிக்கடி தென்படும் பேர்பன்களில் பல, பார்ப்பதற்குப் பாட்டன் காலத்துச் சரக்குப் போலிருந்தாலும் வயதில் இளையவை. நொப் கிரீக் 1992 இல் வந்தது, வூட்ஃபோர்ட் ரிசர்வ் 1996 இல் வந்தது. பஃபலோ ட்ரேஸ் என்ற பெயர் 1999 இல்தான் வந்தது. எண்பதுகளின் காட்சியில் இவற்றைக் கண்டால் கலை இயக்குநர் தூங்கிவிட்டார் என்று முடிவு செய்யலாம். ஜிம் பீம், வைல்ட் டர்க்கி, மேக்கர்ஸ் மார்க் ஆகியவை அந்தக் காலத்துக்குப் பாதுகாப்பானவை. அமெரிக்காவில் நடக்கும் காட்சியென்றால் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. 1985 வரை அங்கே மூடியின்மேல் குறுக்காக வரி முத்திரைத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு தாள் கீற்றை ஒட்டினால் போதும், காலம் தெரிந்துவிடும்.

இதற்குப் பிறகு இரவுகளில் படங்களையும் தொடர்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தொடங்கினேன். டேட்டாவுக்கே கணிசமாகச் செலவானது, ஆனால் அந்தச் செலவுக்கு நான் வருந்தவில்லை. த ஷைனிங் படத்தில் (1980) நாயகன் வெறிச்சோடிய மதுச்சாலையில் உட்கார்ந்து பேர்பன் கேட்பார், பரிமாறுபவர் ஊற்றுவது ஜாக் டேனியல்ஸ். கருப்பு லேபிளும் சதுரப் போத்தலும் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்கச் சட்டப்படி பேர்பன் என்றால் தானியத்தில் குறைந்தது 51 வீதம் சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும், நிறம் சேர்க்கக் கூடாது. ஜாக் டேனியல்ஸ் இதோடு நில்லாமல், பீப்பாயில் ஊற்றுமுன் மேப்பிள் மரக்கரியில் சொட்டுச் சொட்டாக வடிகட்டப்படுகிறது. அதனால் தன்னை டென்னசி விஸ்கி என்றே சொல்லிக்கொள்கிறது. மேட் மென் தொடரின் டொன் டிரேப்பர் அலுவலகத்தில் வைத்திருப்பது கனேடியன் கிளப் விஸ்கி. லொஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன் படத்தில் (2003) அமெரிக்க நடிகர் டோக்கியோவுக்குப் போவதே சன்டோரி விஸ்கியின் விளம்பரத்தில் நடிக்கத்தான், அந்த விளம்பரத்தில் வரும் சன்டோரியின் ஹிபிக்கி போத்தலுக்கு 24 முகங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஸ்கைஃபால் படத்தில் (2012) வில்லன் கொண்டுவருவது 1962 ஆம் ஆண்டு மக்காலன் விஸ்கி, ஜேம்ஸ் பொண்ட் படங்கள் தொடங்கிய ஆண்டும் அதுவே. காரணமில்லாமல் ஒரு போத்தல்கூட அங்கே மேசைக்கு வருவதில்லை என்பது இப்படிப் பார்க்கப் பார்க்க விளங்கியது.

சிறுவயதில் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லாத காலத்தில், சாமத்திய வீடுகளில் ஜெனரேற்றர் போட்டுப் படம் ஓட்டுவார்கள். பழைய இந்தியப் படங்களில் கொள்ளைக்கூட்டத் தலைவனின் மேசையில் கரும்பச்சை நிறத்தில் குட்டையாக ஒரு போத்தல் நிற்கும். எழுத்துத் தெரியாத வயதிலும் அந்தப் போத்தல் வந்தால் கெட்டவன் வருகிறான் என்று எங்களுக்குத் தெரியும். அது வாட் 69 என்ற ஸ்கொட்ச், அதாவது ஸ்கொட்லாந்து விஸ்கி என்பது வளர்ந்த பிறகு தெரிந்தது. வில்லியம் சாண்டர்சன் என்பவர் 1882 இல் நூறு கலவைகளைச் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தாராம், அவர்கள் தெரிந்தெடுத்தது 69 ஆம் தொட்டியில் இருந்தது. பெயர் அப்படி வந்தது.

வெறும் போத்தல் தேடிய நாட்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பழைய பேப்பரும் போத்தலும் வாங்கும் ஐயா ஒருவர் ஏ-9 வீதியோரம் சைக்கிளில் வருவார். அவரிடம் கேட்டபோது, “பிள்ளை, இது உனக்கு எதற்கு? வீட்டில் யாரும் குடிக்கிறார்களா?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். படம் எடுக்கிறோம் என்று சொன்னதும் தன் கிடங்குக்கே கூட்டிப்போய்க் காட்டினார். அவர் நல்லவர். மற்ற எல்லோரும் அப்படி இருக்கவில்லை. ஓர் உணவு விடுதியின் பின்வாசலில் நின்று கேட்டபோது அங்கிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குள் எரிகிறது. பையில் போத்தல்கள் கிணுகிணுக்க நான் பஸ்ஸில் வந்ததை யாரோ பார்த்து அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா கேட்கவில்லை, ஆனால் இரண்டு நாள் சரியாகக் கதைக்கவும் இல்லை. 2009 க்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களில் குடியால் எத்தனை வீடுகள் உடைந்தன என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன அந்த வீடுகள். அதனால் அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். கலைப்பொருள் தேடும் வேலையைப் பெண்கள் எடுத்தால், குழுவில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். படத்தின் பெயர், இயக்குநரின் தொலைபேசி இலக்கம் எழுதிய ஒரு கடிதம் கையில் இருக்கட்டும். போவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கிடங்கில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை உள்ளூர்ச் சாராயப் போத்தல்கள். ஆனால் சில வெளிநாட்டுப் போத்தல்களும் விமான நிலையத் தீர்வையற்ற கடைகளிலிருந்து உறவினர் கைகளில் வன்னிவரை வந்து சேர்ந்திருந்தன. சதுரமான ஜோனி வோக்கர், முக்கோணமான கிளென்ஃபிடிக். ஜோனி வோக்கர் போத்தலின் லேபிள் 24 பாகை சாய்வாக ஒட்டப்பட்டிருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஆனால் இரண்டும் ஸ்கொட்ச். எங்கள் லொறிச் சாரதியின் கையில் அவற்றை வைக்க மனம் ஒப்பவில்லை. கடைசியில் ஒரு ஜிம் பீம் போத்தல் கிடைத்தது. அதற்கு 300 ரூபாய் கொடுத்தேன். ஐயா வாங்க மறுத்தார், நான் விடவில்லை.

போத்தலுக்குள் என்ன ஊற்றுவது என்பதிலும் பட்டுத்தான் படித்தேன். பலர் பால் விடாத தேத்தண்ணீர் போதும் என்பார்கள். போதும்தான், ஆனால் சாயம் கூடினால் அது குளிர்ந்ததும் கலங்கிவிடும். விஸ்கி பொதுவாகக் கலங்கியிருக்காது. சீனியைச் சட்டியில் கருக்கித் தண்ணீர் விட்டால் கண்ணாடி போலத் தெளிவாக வரும். பேர்பனுக்குச் செம்மண் கலந்த தேன் நிறம் வேண்டும், கருக்கிய புதுப் பீப்பாய் அந்தச் சிவப்பைக் கொடுக்கிறது. ஸ்கொட்சில் பல வகைகள் வைக்கோல் நிறத்திலேயே இருக்கும், ஆகவே கருக்கலைக் குறைக்க வேண்டும். நிறத்தை உங்கள் கண்ணால் தீர்மானிக்காதீர்கள். விளக்கைப் போட்டுக் கமராவில் பார்த்துத் தீர்மானியுங்கள். சீனித் தண்ணீருக்கு எறும்பு வரும் என்பதையும் மறக்க வேண்டாம். எங்கள் கடையறையில் சுவர் முழுக்க எறும்பு. மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தினோம். வன்னி வெயிலில் ஐஸ் கட்டி ஒரு காட்சி முடிவதற்குள் கரைந்துவிடும், அடுத்த கோணத்தில் குவளையின் அளவு மாறித் தெரியும். ஐஸ் இல்லாமலே குடிக்கும் மனிதராக அவரை மாற்றினோம்.

காட்சி நன்றாக வந்தது. இரண்டாவது அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. ஒரு தொலைக்காட்சியில் குறும்படங்களுக்கான நேரம் கிடைத்தது. அனுப்பினோம். ஜிம் பீம் லேபிள் தெரிகிற எல்லா இடத்தையும் மாற்றித் தந்தால்தான் எடுப்போம் என்று பதில் வந்தது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைக்கான 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடை செய்கிறது. நம் தொலைக்காட்சிகளில் குவளையும் சிகரெட்டும் மங்கலாக்கப்படுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், ஆனால் நம் படத்துக்கு அது வரும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. மங்கலாக்கிப் பார்த்தோம். இரண்டு மனிதருக்கு நடுவில் ஒரு புகைமூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. நடிகரின் முகத்தைப் பார்க்கவேண்டிய கண் அந்தப் புகையைத்தான் பார்த்தது. சட்டத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை, எங்கள் ஒழுங்கையை நினைத்தால் அது தேவையான சட்டம் என்றே சொல்வேன். படப்பிடிப்புக்கு முன்பே இதைப் பற்றி எங்களிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அறை வாடகை, விளக்கு வாடகை, சாப்பாடு என்று 22,000 ரூபாய் ஆனது. தயாரிப்பவர், கலைப்பொருளால் வந்த செலவு கலைப்பொறுப்பாளருடையது என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் என்னால் வாதாட முடியவில்லை.

வெளிநாட்டுப் பெரிய படங்களுக்கும் லேபிளால் சிக்கல் வருவதுண்டு. ஃபிளைட் படத்தில் (2012) விமானி குடித்துவிட்டு விமானம் ஓட்டுவதைக் கண்டு, பட்வைசர் பியர் நிறுவனம் தன் பெயரை மறைக்கும்படி கேட்டது. அங்கெல்லாம் பல படங்களில் கற்பனை லேபிள் அச்சடித்து ஒட்டுவதும், போத்தலைத் திருப்பி வைப்பதும் இதனால்தான்.

எனக்கு இதிலிருந்து கிடைத்த வழி ஒன்றுதான்: லேபிளை உரித்தாலும் தன்னைச் சொல்லிவிடும் போத்தலைத் தேடுங்கள். மேக்கர்ஸ் மார்க்கின் கழுத்தில் வழியும் சிவப்பு மெழுகு அப்படிப்பட்டது. 1950களில் அதை வடிவமைத்தவர் அந்த ஆலையை நடத்திய குடும்பத்தின் மார்ஜி சாமுவல்ஸ் என்ற பெண், இன்றும் கையால்தான் தோய்க்கிறார்கள். சதுரமும் முக்கோணமும் 24 முகமும் அப்படித்தான். மங்கலாக்க அங்கே எழுத்து எதுவும் இருக்காது, தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும்.

இரண்டாம் முறை எடுப்பதற்கு முதல்நாள் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சில்லறைக் காசு போட்டு வைத்திருந்த ஊதா நிறப் பை ஒன்றை எடுத்துவந்தார். பொன்னிற நூல் தைத்து, இழுத்துக் கட்டும் கயிறு போட்ட பை. கனடாவிலிருந்து வந்த உறவினர் எப்போதோ கொடுத்ததாம். கிரௌன் ரோயல் விஸ்கியின் பை அது. 1939 இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னரும் எலிசபெத் அரசியும் கனடா வந்தபோது அவர்களுக்காக உருவாக்கப்பட்ட கனேடிய விஸ்கி, ஊதாப் பையில் போட்டே விற்கிறார்கள். ரொறன்ரோவில் 1983 இல் மதுச்சாலை அலமாரியில் கட்டாயம் இருந்திருக்கும். நான் கேட்டதும் சித்தி காசைக் கொட்டிவிட்டுப் பையைத் தந்தார். தையல் எழுத்து இல்லாத பின்பக்கத்தைக் கமராவுக்குக் காட்டி மேசையில் வைத்தோம். ஜிம் பீம் போத்தலின் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, லொறிச் சாரதியின் கைக்குள் பாதி மறையும்படி கொடுத்தோம். எங்கள் நாயகன் அந்த ஊதாப் பையின் கயிற்றைப் பேச்சில்லாமல் விரலில் சுற்றிக்கொண்டிருப்பார். அது நடிகரே செய்தது. தொலைக்காட்சி அதை ஏற்றுக்கொண்டது. கனடாவில் பார்த்த ஒருவர், “என் முதல் அறையில் அந்தப் பையில்தான் வாடகைக்காசு சேர்த்தேன்” என்று இயக்குநருக்கு எழுதியிருந்தார்.

குழுவில் சேருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை மூன்று. பொருளுக்கான காசு எப்போது கைக்கு வரும், திரும்ப எடுக்க நேர்ந்தால் செலவு யாருடையது, படம் எங்கே காட்டப்படும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தொலைக்காட்சிக்குப் போகுமா, விழாவுக்கு மட்டுமா என்பது தெரிந்தால்தான் மேசையில் எதை வைக்கலாம் என்று முடிவெடுக்க முடியும். நடிப்பவர்களின் வயதையும் கேட்டு வையுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுசாரம் விற்கக்கூடாத நாடு இது, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் போத்தலைக் கொடுத்து எடுக்காதீர்கள்.

அந்தக் குதிரைப் போத்தல், சதுரம், முக்கோணம், லேபிள் உரித்த ஜிம் பீம் எல்லாம் கழுவிக் காயவைத்து ஒரு மரப்பெட்டியில் என் வீட்டில் இருக்கின்றன. குதிரைப் போத்தலின் அடியில் போலி என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், தூரத்துக் காட்சிக்கு அது தாராளமாகப் போதும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் படம் எடுக்கிறவர்கள் கேட்டால் இரவல் தருகிறேன், காசு வேண்டாம். உடையாமல் திருப்பித் தந்தால் போதும்.